இஞ்சிக்கு விரல் மடங்கிய கதை

அந்தக் காலத்தில் விலங்குகள் பேசும், மனிதர்கள் பாதி கேட்பார்கள். கேட்காமல் விட்ட மீதிப் பாதியால் வந்த வினைதான் இந்தக் கதை. அப்போது உலகத்தில் இஞ்சி என்று ஒன்று கிடையாது. வயிறு உப்பினால் உப்பியபடியே கிடக்க வேண்டியதுதான்.

மேற்கு மலை அடிவாரத்தில் அத்திப்பள்ளம் என்று ஓர் ஊர் இருந்தது. ஊருக்குக் கீழே ஓர் ஓடை, ஓடைக்கரையில் ஒரு பெரிய அத்திமரம், அந்த மரத்தில் ஒரு கருங்குரங்கு. ஓடையில் தண்ணீர் எடுப்பது பெண்கள் வேலை. ஆகவே அங்கே புலிக்கு அகப்பட்டதும் பெண்கள்தான். ஒரு கோடையில் அடுத்தடுத்துச் சில பெண்களைப் புலி தூக்கிப்போனது. அதில் ஒருத்தி, சடைச்சி என்ற சின்னப் பெண்ணின் தாய்.

ஊர்த் தலைவனை மூப்பன் என்பார்கள். அவன் ஒரு பலாப்பழத்தைத் தோளில் வைத்துக்கொண்டு குரங்கிடம் போனான். மரத்தின் உச்சியிலிருந்து எல்லாவற்றையும் பார்ப்பது அதுதானே.

"எங்க பொம்பளைங்க இங்க வர்றது புலிக்கு எப்படித் தெரியுது?" என்று கேட்டான்.

"ஈர மணல்ல காலடி கிடக்கே. அஞ்சு விரலும் விரிஞ்ச காலடி. அதைப் பார்த்தா மனுஷன்னு தெரியாதா?"

"மனுஷன்னு தெரியாம இருக்க என்ன வழி?"

"மான் மாதிரி தடம் பதிஞ்சா மனுஷன்னு தெரியாது" என்றது குரங்கு. அதன் கண்ணெல்லாம் பலாச்சுளையின் மேல் இருந்தது.

மூப்பன் அத்தோடு எழுந்து வந்துவிட்டான். ஊர் கூடியது. மரத்தைக் குடைந்து, நுனியை ஒடுக்கி, அடிப்பக்கம் இரண்டாகப் பிளந்து, மான் குளம்பு போல ஒரு கட்டை செய்தார்கள். குளம்புக்கட்டை என்று பெயரும் வைத்தார்கள். வயதுக்கு வந்த பெண்கள் எல்லோரும் விடிந்தது முதல் பொழுது அடையும் வரை அதைக் காலில் மாட்டி, நாரால் கட்டிக்கொள்ள வேண்டும். ஆண்களுக்குக் கட்டை வேண்டாம் என்று முடிவாயிற்று. வேட்டைக்கு ஓட வேண்டும், தேனெடுக்க மரமேற வேண்டும், கட்டை மாட்டினால் முடியாதே என்றார்கள். கட்டை மாட்டினால் ஓட முடியாது என்பது அவர்களுக்கு அன்றைக்கே தெரிந்திருந்தது, பாருங்கள்.

அதற்குப் பிறகு புலி வரவில்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஆனால் ஊர் அப்படி நினைக்கவில்லை. கட்டைதான் காப்பாற்றியது என்று கட்டைக்குப் பொங்கல் வைத்தார்கள், பூ சாத்தினார்கள். புலி மற்ற நாளில் எதைத் தின்று உயிர் வாழ்கிறது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

சடைச்சி வயதுக்கு வந்தது முதல் அந்தக் கட்டையிலேயே வளர்ந்தாள். கட்டையின் நுனியில் ஐந்து விரலுக்கு இடமில்லை. பெருவிரல் பக்கத்து விரலின் மேல் சாய்ந்தது. அதன் அடியில் இருந்த எலும்பு பக்கவாட்டில் புடைத்தது. முதலில் பாக்கு அளவு, பிறகு எலுமிச்சங்காய் அளவு. இரண்டாம் விரல் போக வழியில்லாமல் நடுவில் மடங்கிக் கொக்கியாக நின்றது. மடங்கிய கணுவின் மேல் தோல் காய்த்து, வெடித்து, சீழ் வைத்து, மறுபடியும் காய்த்தது. ஊரில் எல்லாப் பெண்களின் காலும் அப்படித்தான். செருப்புக்குத் தகுந்தபடி காலை வெட்டுகிறதா என்று நாம் கேலியாகக் கேட்கிறோமே, அதை அங்கே நிஜமாகவே செய்துகொண்டிருந்தார்கள்.

வலியை எப்படித் தாங்குவது என்பதில் சடைச்சிக்கு நிகர் யாரும் இல்லை. விரலிடுக்கில் இலவம் பஞ்சு வைக்கச் சொல்வாள். காய்ப்புக்கு விளக்கெண்ணெய் தடவுவாள். புடைத்த எலும்புக்கு உப்பை வறுத்து ஒத்தடம் கொடுப்பாள். கட்டையைக் கழற்றியதும் நொச்சித்தழை போட்ட வெந்நீரில் காலை வைத்து, மடங்கிய விரலை மெல்ல மெல்ல நீவி விடுவாள். சாயங்காலமானால் பெண்கள் அவள் வாசலில் காலை நீட்டி வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். சடைச்சி கை பட்டால் வலி பாதி குறையும் என்பது ஊர்ப் பேச்சு. பாதி வலியோடு எத்தனை காலம் வேண்டுமானாலும் வாழ்ந்துவிடலாம். அதனால்தான் ஒருத்தியும் கட்டையைத் தூக்கி எறியவில்லை.

சடைச்சிக்குத் தும்பை என்று ஒரே மகள். அணில் மாதிரி மரமேறுவாள், ஓடையை ஒரே தாவில் தாண்டுவாள். அவள் ஈரக் காலோடு ஓடிவந்தால் தரையில் ஐந்து விரலும் தனித்தனியே பதியும். அந்தத் தடத்தைப் பார்க்கும்போதெல்லாம் சடைச்சிக்குப் பெருமையாகவும் இருக்கும், பயமாகவும் இருக்கும். தும்பை வயதுக்கு வந்த சேதி தெரிந்ததுமே மூப்பன் புதுக் கட்டை கொடுத்தனுப்பினான்.

"எனக்கு வேண்டாம் ஆத்தா" என்றாள் தும்பை.

"எங்க ஆத்தா அந்த ஓடைக்கு வெறுங்காலோடதான் போனா. திரும்பி வரலை. உன்னையும் அப்படிப் பறிகொடுக்கவா?"

"வலிக்குமா?"

"வலிக்கும். போகப் போகப் பழகிடும்."

பழகாது என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்த ஊரில் யார்? ஆனாலும் சொன்னாள். நாரைத் தண்ணீரில் ஊறவைத்து, மகளின் காலைத் தன் மடியில் தூக்கி வைத்து, கட்டையை மாட்டி, தன் கையாலேயே கட்டினாள். ஈர நார் காயக் காய இறுகும். வெந்நீரில் ஊறவைத்தால் ஒழிய யாராலும் அவிழ்க்க முடியாத ஒரு முடிச்சைச் சடைச்சிதான் ஊருக்குப் பழக்கியிருந்தாள். அதையே போட்டாள். போடும்போது கண்ணீர் முடிச்சின் மேல் விழுந்தது. துடைத்துக்கொண்டு இன்னும் ஒரு சுற்றுச் சுற்றினாள்.

சில நாள் கழித்து, உச்சிவெயிலில் தாயும் மகளும் ஓடைக்குப் போனார்கள். தும்பை ஒவ்வோர் அடிக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள். அத்திமரத்தடியில் குடத்தை வைத்துவிட்டு மணலில் உட்கார்ந்துவிட்டாள். மேலே குரங்கு சிரித்தது.

"புதுசா ஒரு மான்குட்டி வந்திருக்கு."

"சிரிக்காதே" என்றாள் சடைச்சி. "நீ சொல்லிக்கொடுத்த வழிதான் இத்தனை காலமா எங்களைக் காப்பாத்துது."

"புலி வேற மலைக்குப் போயிருந்துச்சு சடைச்சி. அதான் வரலை. நேத்துத் திரும்பி வந்துருச்சு. மேல் பாறையில பார்த்தேன்."

"வரட்டுமே. எங்க தடம்தான் மான் தடமாச்சே."

 குரங்கு கேட்டது. "புலி எதைத் தின்னுட்டு உசிரோட இருக்குன்னு நெனைச்சே?"

  சடைச்சி குனிந்து மணலைப் பார்த்தாள். ஊரிலிருந்து அத்திமரம் வரைக்கும் இரண்டு மான்களின் தடம், ஒன்று பெரியது, ஒன்று சிறியது. சிறியது நொண்டி நொண்டி வந்திருந்தது. நொண்டுகிற மான் என்றால் புலிக்கு விருந்து. 

"இதை ஏன் அன்னைக்கே சொல்லலை?"

"மனுஷன்னு தெரியாம இருக்க என்ன வழின்னுதான் மூப்பன் கேட்டான். புலி தின்னாம இருக்க என்ன வழின்னு கேட்கலை. கேட்டிருந்தா, ஓடு, இல்லேன்னா மரத்துல ஏறுன்னு சொல்லியிருப்பேன்." இதைச் சொன்னபோது குரங்கின் குரலில் சிரிப்பு இல்லை. சட்டென்று அது நிமிர்ந்து, மேட்டுப் பக்கம் பார்த்துக் கத்தியது. "ஏறுங்க. வருது."

மேட்டில் புல் அசைந்தது. சடைச்சி மகளின் காலடியில் விழுந்தாள். தன் காலா, மகள் காலா என்ற யோசனையே அவளுக்கு வரவில்லை. அவள் போட்ட முடிச்சு, அவள் சுற்றிய அந்தக் கூடுதல் சுற்று. நகம் பிய்ந்ததுதான் மிச்சம், நார் அசையவில்லை. பல்லால் கடித்தாள். உதடு கிழிந்தது, நாரும் அறுந்தது. அடுத்த காலையும் அப்படியே கடித்து அறுத்தாள். கட்டைகள் கழன்று விழுந்தன.

"ஏறு."

தும்பை மரத்தைப் பற்றினாள். விரல்கள் விரிந்து பட்டையைக் கவ்வின. இரண்டு எட்டில் கிளைக்குப் போய், குப்புறப் படுத்துக் கையை நீட்டினாள். "ஆத்தா, கையைக் கொடு."

சடைச்சி மரத்தைக் கட்டிப் பிடித்து ஏறப் பார்த்தாள். கட்டை வழுக்கியது. மறுபடியும் வைத்தாள், மறுபடியும் வழுக்கியது. குரங்கும் தன் நீளக் கையை நீட்டியது, எட்டவில்லை. அவள் கால் முடிச்சோ வருஷக்கணக்கில் பழகிய கை இறுக்கியது. அதை அறுக்க நேரமில்லை. அறுத்தாலும் அந்த விரல்கள் எதையும் பற்றப் போவதில்லை. பட்ட காலிலே படும் என்று சும்மாவா சொன்னார்கள்.

புல்லுக்கு மேலே மஞ்சள் முதுகு தெரிந்தது. புலிக்கும் மரமேறத் தெரியும் என்பது சடைச்சிக்கு நினைவு வந்தது. மகள் இருக்கும் கிளை அதற்கு ஓர் உயரமே இல்லை. அவள் மரத்தை விட்டாள்.

"தும்பை, முகத்தை மரத்துப் பக்கம் திருப்பிக்கோ. நான் சொல்ற வரைக்கும் திரும்பாதே."

சொல்லிவிட்டு, ஈர மணலில் நன்றாகத் தடம் பதியும்படி, ஓடையோரமாகவே விந்தி விந்தி நடந்தாள். மரத்தை விட்டு எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போனாள். புலி மரத்தடிக்கு வந்தது. கழன்று கிடந்த சின்னக் கட்டைகளை முகர்ந்தது. பிறகு மான் தடத்தின் பின்னாலேயே போனது.

தும்பை முகத்தைத் திருப்பியபடியே இருந்தாள். திரும்பு என்று யாரும் சொல்லவில்லை.

சத்தம் கேட்டு ஆண்கள் வேலோடு வந்தபோது புலி போயிருந்தது. ஓடையின் வளைவில் இரண்டு குளம்புக்கட்டைகள் மட்டும் கிடந்தன. கட்டைக்குள் பாதங்கள் இருந்தன. மரத்தைக் கடிக்கப் பிடிக்காமல் புலி அதை விட்டுவிட்டுப் போயிருந்தது.

"கட்டையோடயே புதைச்சிருங்க. அதுதான் முறை" என்றான் மூப்பன். அவனுக்கும் வயதாகித் தலை ஆடிக்கொண்டிருந்தது.

"அந்த முறைதான் எங்க ஆத்தாளைத் தின்னுச்சு மூப்பரே. புலி அப்புறந்தான்" என்றாள் தும்பை.

அவள் நாரை அறுத்தாள். தாயின் பாதங்களை வெளியே எடுத்து, ஓடைத் தண்ணீரில் கழுவி, மடியில் வைத்துக்கொண்டாள். தாய் ஊருக்கெல்லாம் செய்தது போல, மடங்கிய விரல்களை ஒவ்வொன்றாக நீவினாள். உயிர் போன பிறகாவது நிமிரும் என்று நினைத்தாள். நிமிரவில்லை. அப்போதுதான் அவள் வாய்விட்டு அழுதாள். பிறகு அத்திமரத்தடியில் குழி தோண்டி, வெறும் பாதங்களை அதில் வைத்து மூடினாள்.

சாயங்காலம்தோறும் சடைச்சியின் வாசலில் காலை நீட்டிய பெண்கள் எல்லாம் அங்கே நின்றிருந்தார்கள். ஒருத்தி உட்கார்ந்து நாரை அறுத்துத் தன் கட்டையைக் கழற்றினாள். பக்கத்திலிருந்தவளும் கழற்றினாள்.

"புலி வந்தா என்ன செய்வீங்க?" என்று மூப்பன் கேட்டான்.

"ஓடுவோம்" என்றாள் தும்பை. "ஓட முடியாதவங்களைத் தூக்கிட்டு ஓடுவோம்."

கட்டை போயிற்று. ஆனால் சாய்ந்த விரல் சாய்ந்தபடியே இருந்தது, புடைத்த எலும்பும் உள்ளே போகவில்லை. மழைக்காலம் வந்ததும் வலி முன்னைவிட அதிகமாயிற்று. நீவிவிட இருந்த ஒருத்தியும் இப்போது இல்லை. பெண்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள்.

அந்த மழையில்தான் அத்திமரத்தடியில் பச்சையாக ஒரு செடி முளைத்தது. ஓலை போல மெல்லிய இலை, இதுவரை யாரும் பார்க்காதது. எதையும் நோண்டிப் பார்க்காவிட்டால் அது குரங்கா? இறங்கி வந்து வேரோடு பிடுங்கி, கிழங்கைக் கடித்தது. கடித்த மாத்திரத்தில் கண்ணில் நீர் முட்டியது, முகம் எட்டுக் கோணலாயிற்று. நாக்கு வெந்துபோய், ஒரு வார்த்தை சொல்ல முடியாமல் மரத்தில் ஏறிக்கொண்டது. அதற்குப் பிறகு அது மனிதர்களிடம் பேசியதே இல்லை.

அது போட்டுவிட்டுப் போன கிழங்கைத் தும்பை எடுத்தாள். மண்ணைத் துடைத்தாள். பக்கத்து விரல் மேல் சாய்ந்த பெருவிரல், அதன் அடியில் புடைப்பு, கொக்கியாக மடங்கிய இரண்டாம் விரல், காய்த்துச் சுருங்கிய தோல்.  யார் கால் என்று அவளுக்குத் தெரியாதா?

ஒரு துண்டை ஒடித்துத் திரும்பவும் குழியில் வைத்து மூடினாள். மீதியை அம்மியில் அரைத்து, சுட வைத்து, சுவர் பிடித்து நடந்த பெண்களின் காலில் பற்றுப் போட்டாள். முதலில் நெருப்பாக எரிந்தது. எரிச்சல் அடங்கியபோது வலியும் பாதி அடங்கியிருந்தது. பாதிதான். சடைச்சியின் கை என்றைக்கும் அவ்வளவுதான் கொடுத்தது.

அன்று முதல்தான் கால் வலிக்கு இஞ்சியையும் சுக்கையும் அரைத்துப் பற்றுப் போடுகிறார்கள். விழிக்கிறவனைப் பார்த்து இஞ்சி தின்ற குரங்கு என்கிறார்கள். ஒரு விரலை ஒடித்துப் புதைத்தால்தான் அடுத்த இஞ்சி முளைக்கிறது. கட்டைகள் மக்கி மண்ணாகி எவ்வளவோ காலமாயிற்று. அதை இஞ்சியிடம் போய்ச் சொல்லத்தான் யாரும் இல்லை. அன்று முதல்தான் அது, எவ்வளவு பொலபொலப்பான மண்ணில் வைத்தாலும், இடமே இல்லாததுபோல விரலை மடக்கிக்கொண்டே வளர்கிறது.