அடியில் கிடந்த கடைசிப் பங்கு

கொழுமங்கலத்து ராஜா கஜகேசரி மின்சாரக் கார் வாங்கினார். ராஜா காலத்தில் ஏது மின்சாரக் கார் என்று கேட்பீர்கள். ராஜா ஆசைப்பட்டுவிட்டார், கதை சொல்கிற நான் குறுக்கே நிற்க முடியுமா?

வாங்கச் சொன்னவர் அரசவை விகடர் ஆராவமுது. காரைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? பின்சீட்டில் தம் தொப்பை சிக்காமல் நுழைகிறது, உட்கார்ந்ததும் தூக்கம் வருகிறது. அவ்வளவுதான்!

ஒருநாள் ராஜா மாமனார் ஊருக்குக் கிளம்பினார். "ஓய், பேட்டரியில் சார்ஜ் இருக்கிறதா?"

ஆராவமுது எட்டிப் பார்த்தார். தீரப் போகிறது. கிளம்புகிற நேரத்தில் அதை வாயால் சொல்லலாமா? அரிசி தீர்ந்தால் நம் வீடுகளில் எப்படிச் சொல்வோமோ, அப்படியே சொன்னார்: "நிறைஞ்சிருக்கு, மகாராஜா!"

ராஜா அதை நிஜமென்று நம்பிப் புறப்பட்டார். மாமனார் ஊர் எல்லையில் கார் படுத்துவிட்டது. மாமனாரின் எருமைகளைக் கட்டித்தான் இழுத்துப் போனார்கள். மைத்துனிகள் வாசலில் நின்று சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதை ராஜாவால் மறக்கவே முடியவில்லை.

திரும்பி வந்ததும் அவையில் இடி இடித்தது. திவான் வீரபத்திரர் எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றினார். "மகாராஜா, பேட்டரியில் பத்துப் பங்கு பிடிக்குமாம். நான் சோதித்துவிட்டேன். ஒன்பது பங்கு செலவானதுமே வண்டி நிற்கிறது. ஒரு பங்கு அடியிலேயே கிடக்கிறது. ஆராவமுது நம் தலையில் கட்டிய லட்சணம் இது!"

ராஜா ஆராவமுது பக்கம் திரும்பினார். "ஓய்! பொழுது சாய்வதற்குள் அடியில் கிடக்கும் கடைசிப் பங்கையும் வழித்தெடும். தவறினால் அவைக்கும் வரவேண்டாம். அரண்மனைச் சமையற்கட்டுப் பக்கம் தலைவைத்தும் படுக்கவேண்டாம்!"

ஆராவமுது தொப்பையைத் தடவிக்கொண்டார். பதவி போனால் போகட்டும், மகாராணி கைப்பட வார்க்கும் நெய் போகுமே! பேட்டரியை எங்கே திறப்பது என்றுகூட அவருக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் சமையற்கட்டுதான். 'சரி, தெரிந்த இடத்திலேயே ஆரம்பிப்போம்' என்று துடைப்பமும் கையுமாக அங்கே போனார்.

சற்று நேரத்தில் மகாராணியின் குரல் அரண்மனையைத் தூக்கியது. ராஜா ஓடி வந்தார். பின்னாலேயே திவான். அங்கே ஆராவமுது அரிசிப் பானைக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார். தொப்பை மட்டும் வெளியே நின்றது.

"பானையை அடியோடு வழித்துத் துடைக்கச் சொன்னீர்களாமே! வீட்டில் லட்சுமி தங்க வேண்டாமா?" என்று சீறினாள் மகாராணி.

"ஐயோ! நான் காருக்கல்லவா சொன்னேன்!"

ஆராவமுது தலையை வெளியே எடுத்தார். மீசையெல்லாம் தவிடு. "எதன் அடியில் என்று மகாராஜா சொல்லவில்லையே! போகட்டும், இந்தப் பானை பத்துப் படி பிடிக்கும். ஒன்பது படிதான் உலைக்குப் போகிறது. மீதி ஒரு படியை மகாராணி திருடினார்களா, திவானே?"

திவான் நைசாக ராஜாவின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினார்.

"கடைசிப் படியை வழித்தால் பானையை விட்டு லட்சுமி போவாள். கடைசிப் பங்கை வழித்தால் பேட்டரியின் ஆயுசு போகும். செய்தவன் அதற்குத்தான் அடியில் கொஞ்சம் தொடாமல் வைத்திருக்கிறான். என் மூளையையும் பாருங்கள்! கைபடாமல் அடியில் எவ்வளவு கிடக்கிறது!"

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். "இவருக்கு வயிறார அதிரசம் போடு!" என்றார்.

மகாராணியே பரிமாறினாள். ஆராவமுது தின்றார், தின்றார், தூணில் சாய்ந்துகொண்டும் தின்றார். பிறகு கையை நீட்டினார். "இன்னும் ரெண்டு, தாயே."

"அதிரசம் நிறைஞ்சிருக்கு, ஆராவமுது."

ஆஹா என்று அவர் இடுப்பு வேட்டியைத் தளர்த்திவிட்டுக் காத்திருந்தார். அதிரசம் வரவில்லை. ராஜாவின் சிரிப்புத்தான் வந்தது. அப்புறம்தான் அவருக்கு உறைத்தது.

"அடியில் ஒண்ணாவது கிடக்குமே, தாயே!"

"கிடக்கிறது. அதைத் தொடக்கூடாது என்று நீர்தானே சொன்னீர்?"