நடுவிரலில் துள்ளியது

இடும்பன் பழனி மலைச் சரிவில் தோப்புக் காவல் பார்த்தவர். ஓலை அசைந்தால் போதும், கள்ளன் என்று கம்பைத் தூக்குவார். நாற்பது வயது தாண்டியபின், தன்னைவிட இளையவரான வைத்தியர் வஞ்சியம்மையிடம் நாடி பார்க்கக் கற்க வந்து சேர்ந்தார். காவலைத்தான் விட்டாரே தவிர, சந்தேகத்தை விடவில்லை.

அந்த வைத்தியசாலையில் ஒரு வழக்கம் இருந்தது. நோயாளியின் கையை மூத்த சீடர் முதலில் பிடிப்பார். கண்டதை வாய்விட்டுச் சொல்வார். பிறகு அடுத்தவர், அதற்கடுத்தவர். ஆள்காட்டி விரலில் துள்ளினால் வாதம், நடுவிரலில் பித்தம், மோதிர விரலில் கபம். வரிசையில் கடைசி ஆள் இடும்பன்.

அன்று வஞ்சியம்மை பச்சிலை பறிக்க மலையேறியிருந்தார். பாவாயி என்ற பெண்ணை அவள் புருஷன் வண்டியில் கூட்டி வந்தான். மூத்தவர் குழந்தைவேலு அவள் இடக்கையைப் பிடித்து, "வாதம்" என்றார். "வாதம்", "வாதம்" என்று வரிசை இறங்கி வந்தது.

இடும்பன் பிடித்தார். நடுவிரலில்தான் துள்ளியது. விரலை மாற்றி வைத்துப் பார்த்தார். மறுபடியும் நடுவிரலில்தான். எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வாதம்" என்றார்.

சுக்கும் மிளகும் திப்பிலியும் சேர்த்த சூட்டு மருந்தை மடித்துக் கொடுத்தார்கள். வண்டி போய்விட்டது.

வஞ்சியம்மை இறங்கி வந்ததும் இடும்பன் வாசலிலேயே மறித்தார்.

"அம்மா, இங்க கூட்டுச்சதி நடக்குதுங்க."

"யாரு செய்யறாங்க?"

"எல்லாரும்தானுங்க. பித்த நாடிய வாதம்னு சொல்றாங்க. முன்னாடியே பேசி வெச்சிருக்காங்க. என்னைய முட்டாளாக்கி வெளிய தள்றதுக்குத்தான்."

"உங்க விரல் என்ன சொல்லுச்சு?"

"பித்தமுங்க."

"உங்க வாய்?"

"வாதமுங்க."

"அப்ப நீங்களும் சதியில ஒரு ஆளுதான். உங்கள யாரு கூப்பிட்டுச் சேத்துனாங்க இடும்பண்ணா?"

"யாரும் கூப்பிடலீங்க."

வஞ்சியம்மை குழந்தைவேலுவைக் கூப்பிட்டார்.

"நாடி எனக்குத் தெளிவா கெடைக்கலீங்க அம்மா," என்றார் அவர். "வாய்வுப் பிடிப்புன்னு அந்தப் பொண்ணு புருஷன் சொன்னாரு. அதான் வாதம்னேன். தப்புன்னா அடுத்த ஆளு சொல்லுவாங்கன்னு இருந்தேன்."

அடுத்த ஆள் வந்தார். "அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேனுங்க." அதற்கடுத்தவரும் அதையே சொன்னார்.

அவர்கள் போனதும் இடும்பன் குனிந்து, "பாத்தீங்களா? பொய்யக்கூட ஒரே மாதிரி சொல்றாங்க," என்றார். மனிதர் லேசில் விடுவாரா?

வஞ்சியம்மை பச்சிலைக் கூடையை இறக்கிவைத்தார். "அந்தப் பொண்ணுக்குப் பித்தம்னா, நீங்க குடுத்த சூட்டு மருந்து கொடல வேக வெச்சிரும். எல்லாரும் கெளம்புங்க."

அடிவாரத்துத் தண்ணீர்த் தொட்டியில் மாடுகளை அவிழ்த்து விட்டிருந்தான் பாவாயியின் புருஷன். அவள் மருந்தை அப்போதுதான் உள்ளங்கையில் கொட்டியிருந்தாள். இடும்பன் ஓடிப்போய்த் தட்டிவிட்டார். வந்த வேகத்தில் அவருக்கு மூச்சு வாங்கியது.

"என்னாச்சுங்க?" என்று பதறினாள் பாவாயி. "எனக்கு என்னதானுங்க வியாதி?"

வஞ்சியம்மை அவளை ஒரு கல்லில் உட்காரவைத்தார். சீடர்கள் பழக்கப்படி வரிசையில் நின்றார்கள். அவர் கடைசியில் நின்றவரைக் கையைப் பிடித்து முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்.

"இன்னைக்கு நீங்கதான் மொத ஆளு. நீங்க சொல்ற மருந்துதான்."

இடும்பன் பாவாயியின் கையைப் பிடித்தார். மூன்று விரலையும் அழுத்தி வைத்தார். துள்ளியது. எங்கே துள்ளியது என்பதில் சந்தேகமே இல்லை. வாயைத் திறந்தவர், சொல்லாமல் மெல்லத் தலையைத் தூக்கி வஞ்சியம்மையைப் பார்த்தார்.

"நாடி அந்தப் பொண்ணு கையிலதானே இருக்கு?" என்றார் வஞ்சியம்மை. "எம் மூஞ்சியில என்ன தேடறீங்க?"