ஆடிய கால்

மழை பிடித்தால் லேசில் விடாத ஒரு காட்டில், குழந்தைகளே, ஒரு கரடிக் குடும்பம் இருந்தது.

போன மழைக்காலத்தில் சிறுத்தை வந்து மூத்த குட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. மிச்சம் இருந்தது சின்னக்குட்டி மட்டும்தான். "இந்த மழைக்குள் குகைக்கு ஒரு கதவு போட்டுவிடுங்கள்" என்று பெண் கரடி ஓயாமல் கெஞ்சியது.

ஆண் கரடிக்குத் தச்சுவேலை நன்றாகவே வரும். கனமான பலகை ஒன்றை இழுத்து வந்தது. வாசலுக்கு அது நீளம் அதிகம், அறுத்துக் குறைக்க வேண்டும். தரையில் போட்டு அறுத்தால் ரம்பம் மண்ணில் இடிக்கும். அதனால் பலகையைத் தூக்கி வைக்க, நாலு கால் போட்ட மரத் தாங்கிகள் இரண்டு செய்தது. கால்களைச் சாய்த்துப் பொருத்தி, ஆப்பு அடித்து இறுக்கியது. வேலை சுத்தமாக இருந்தது.

வெளியே தூறல் போட்டதால் தாங்கிகளைக் குகைக்குள் கொண்டுபோய் வைத்தது. ஒன்று ஆடியது.

"ஒரு கால் நீளம்" என்று சொல்லி அந்தக் காலைக் கொஞ்சம் அறுத்தது. இப்போது வேறு பக்கம் ஆடியது.

பக்கத்து வளைக் கீரி எட்டிப் பார்த்தது. "அண்ணே, தாங்கியை வெளியே தட்டைப் பாறைமேல் வைத்துப் பாருங்களேன். தரையில் பள்ளம் இருந்தாலும் ஆடும்."

கரடிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "என் தரையிலா பள்ளம்? நானே மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்தின தரை இது. நீ உன் வளையைப் போய்ப் பார்."

கீரி தன் வளைக்குத் திரும்பிவிட்டது.

கரடி மறுபடி அறுத்தது. தாங்கி மறுபடி ஆடியது. ஜோடி ஒரே உயரம் இருக்க வேண்டுமே என்று நன்றாக இருந்த இன்னொன்றின் கால்களையும் வெட்டியது.

"அதை விடுங்கள், கதவைப் பாருங்கள்" என்றது பெண் கரடி.

"தாங்கி ஆடினால் கதவு கோணலாகும். உனக்கு என்ன தெரியும்?"

கடைசியில் இரண்டு தாங்கிகளும் தரையோடு தரையாகக் குந்திவிட்டன. வேறு மரம் தேடப் போவதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

பசி பொறுக்க முடியாமல் இரண்டு கரடிகளும் ஈசல் தேடிக் கிளம்பின. குட்டியை உள்ளே விட்டு, அறுக்காத பலகையை வாசலில் சாய்த்து வைத்துவிட்டுப் போயின. வாசலுக்குக் குறுக்கே அது சரியாக உட்காரவில்லை. பக்கவாட்டில் ஒரு சிறுத்தை நுழையும் அளவுக்குச் சந்து இருந்தது.

திரும்பி வந்தபோது குட்டி இல்லை.

பலகை விழுந்து கிடந்தது. மழைத்தண்ணீர் குகைக்குள் ஓடிவந்து, தாங்கி நின்ற இடத்தில், ஒரு காலுக்கு அடியில் மட்டும் குளமாகத் தேங்கி நின்றது. ஆண் கரடி அதையே பார்த்துக்கொண்டிருந்தது.

"தண்ணீருக்குத் தெரிந்த பள்ளம் உங்களுக்குத் தெரியாமல் போச்சே" என்று சொல்லிவிட்டுப் பெண் கரடி மழையில் இறங்கி நடந்தது.

நீதி: தன் தரையில் குறை இருக்காது என்று நினைப்பவன், நல்ல கால்களை வெட்டிக்கொண்டே இருப்பான்.