ஆளுக்கு ஒரு ட்யூப்

“ஆளுக்கு ஒரு ட்யூப் கொண்டுவரணும்னு சொன்னாங்க, கொண்டுவந்தேன். இப்ப கொண்டுவந்ததே தப்புன்னா நான் என்னதான் செய்ய?” என்றான் நெல்லையப்பன். கையில் பற்பசை. புதுசு, பெரிய அளவு.

நெல்லையப்பன் என் பெரிய கொழுந்தன். சின்னவன் கோமதிநாயகம் மூட்டுவலி மருந்து ட்யூபைக் கொண்டுவந்திருந்தான், பாதி தீர்ந்தது. இவர்களுக்கெல்லாம் மூத்தவர், என் வீட்டுக்காரர் ஆவுடையப்பன். அவர் நாலடி ட்யூப் லைட் ஒன்றைக் கார் ஜன்னலுக்கு வெளியே நீட்டி, நுனியில் சிவப்புத் துணி கட்டி, நாங்கள் இருக்கும் ஜாக்சன்வில்லிலிருந்து பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்திருந்தார். கூடாரத்துக்கு வெளிச்சம் போலும் என்று நானும் வாயை மூடிக்கொண்டு வந்தேன், என் புத்தி. ட்யூப் லைட்டே ட்யூப் லைட்டைச் சுமந்து வந்திருக்கிறது என்றேன். “இது எல்இடி” என்று திருத்தினார்.

ஃப்ளோரிடாவின் வடபகுதிக் காட்டுக்குள் ஒரு மாநிலப் பூங்கா. பூமிக்குள்ளிருந்து ஊற்று பொங்கி, அதுவே ஆறாக ஓடுகிறது. காற்றடைத்த ரப்பர் வளையத்தில் உட்கார்ந்து அந்த ஆற்றோடு மிதந்து போவது இங்கே ஒரு பொழுதுபோக்கு. அந்த வளையத்தைத்தான் ட்யூப் என்று செய்தி அனுப்பியிருந்தாள் செண்பகவல்லி.

செண்பகவல்லி சின்னவன் கோமதிக்குப் பார்த்திருக்கும் பெண். கோவில்பட்டிக்காரி, இங்கே பக்கத்து ஊரில் நர்ஸ். சனிக்கிழமைகளில் இந்தப் பூங்காவில் தொண்டு செய்கிறாள்: ஆற்றின் கடைசித் துறையில் நின்று, மிதந்து வருகிறவர்களைக் கைகொடுத்துக் கரையேற்றுவது. ஹோட்டலில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து காபியை ஆற்றிக்கொண்டிருப்பதைவிட, மிதந்து வாருங்கள், துறையில் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டாள். எனக்கு அப்போதே பிடித்துப் போயிற்று.

எனக்குப் பிடிக்க வேறு காரணமும் உண்டு. கோமதிக்கு நாற்பத்தொன்று. வேலை கிடைத்த நாளிலிருந்து என் வீட்டு முன்னறையில் இருக்கிறான், என் தையல் மெஷின் கார் ஷெட்டில் இருக்கிறது. வந்த வரன் ஒவ்வொன்றும் எப்படிப் போனது என்கிறீர்களா? ஒரு பெண் போனில் “ஒரு நிமிஷம் இருங்க” என்றாள். ஒரு நிமிஷம் இருந்துவிட்டு வைத்துவிட்டான். இன்னொரு பெண்ணின் அப்பா, “இத உங்க வீடா நெனச்சுக்கோங்க தம்பி” என்றார். எழுந்து போய் ஏசியை அணைத்துவிட்டு வந்தான், கரண்ட் பில் ஏறுகிறதாம். அண்ணன் தம்பி மூன்று பேருக்கும் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்களுக்கு இந்த ஊரில் நல்ல சம்பளம்.

பற்பசைச் சண்டை ஓய்ந்ததும், முதலில் கூடாரத்தை அடியுங்கள் என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனேன். திரும்பி வந்தால், தரையில் விரித்துக் கிடந்த கூடாரத்தைச் சுற்றி நின்று மூன்று பேரும் செருப்பால் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். எதற்கு அடிக்கிறோம் என்று ஒருத்தருக்காவது தோன்றவில்லையா என்று கேட்டேன். மதினி சொன்னால் காரணம் இருக்கும் என்றான் கோமதி. இந்த மரியாதையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? கூடாரத்தை நானே கட்டினேன்.

பிறகு ஊற்றில் ஒரு முழுக்குப் போடப் போனார்கள். பச்சைக் கண்ணாடி மாதிரி தண்ணீர், பல் கிட்டிக்கும் குளிர். பத்து நிமிஷத்தில் ஏறிவிட்டார்கள். ஏறினவர்கள் படியிலேயே நின்றுவிட்டார்கள். நான் துண்டை நீட்டுகிறேன், யாரும் வாங்கவில்லை. நுழையும்போது காவலர் சொல்லியிருந்தாராம், இங்கிருந்து எதையும் வெளியே கொண்டுபோகக் கூடாதென்று.

“துடைச்சா தண்ணி துண்டுல ஏறும்,” என்றார் என் வீட்டுக்காரர். “துண்டு காருல ஏறும்.”

“காரு கேட்டத் தாண்டும்,” என்றான் நெல்லையப்பன்.

“காதுக்குள்ள போனது?” என்றான் கோமதி.

இரண்டு அண்ணன்களும் யோசித்தார்கள். அப்புறம் மூன்று பேரும் வரிசையாகக் குனிந்து, தலையைச் சாய்த்து, ஒற்றைக் காலில் குதித்து, காதுத் தண்ணீரை ஊற்றுக்கே திருப்பிக் கொடுத்தார்கள். பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரக் குடும்பம், ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்துக் கும்பிட்டது. வெயில் இவர்களைக் காயவைக்கும்வரை நான் கல்லில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

ஒருவழியாக வாடகைக் கடையில் ரப்பர் ட்யூப் எடுத்தோம். நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம், ஆறே கொண்டுபோய்விடும் என்றான் கடைக்காரன். இவர்களிடம் போய் அப்படிச் சொல்லலாமா? தம்பிகள் பிரிந்துவிடக் கூடாதென்று என் வீட்டுக்காரர் மூன்று ட்யூபையும் கயிற்றால் பிணைத்தார். கோமதியை மட்டும் தனியே கூப்பிட்டுச் சொன்னேன்: அங்கே செண்பகவல்லி என்ன சொல்கிறாளோ அதை யோசிக்காமல் செய், உன் வாழ்க்கை அதில் இருக்கிறது. தலையாட்டினான். அவர்களைத் தண்ணீரில் தள்ளிவிட்டு, காரை எடுத்துக்கொண்டு நான் கடைசித் துறைக்குப் போனேன்.

செண்பகவல்லி மரப்பலகை மேடையில் நின்றிருந்தாள். வெயிலில் கறுத்த முகம், உறுதியான தோள், எதற்கும் சட்டென்று சிரிக்கிற சுபாவம். அவர் எப்படிப்பட்டவர் அக்கா என்று கேட்டாள். சொன்ன சொல் தட்டமாட்டான் என்றேன். அதில் பொய் இல்லை. இந்த மேடையை விட்டால் வேறு துறை கிடையாது, ஆறு பெரிய ஆற்றில் போய்ச் சேர்ந்துவிடும், அதனால்தான் இங்கே ஆள் நிற்கிறோம் என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வளைவில் மூன்று ட்யூப் தெரிந்தது.

ஒன்றும் செய்ய வேண்டாம் என்று சொன்னதால் ஒன்றும் செய்யாமல் வந்தார்கள். கையை நெஞ்சில் கட்டி, வானத்தைப் பார்த்து, சாத்திவைத்த விக்கிரகங்கள் மாதிரி. கோமதி மட்டும் அவளைப் பார்த்ததும் நிமிர்ந்து, தலைமுடியைச் சரிசெய்துகொண்டான். அவளும் ஒரு நொடி பார்த்தாள். பிடித்திருந்தது, எனக்குத் தெரியும். மேடையில் மண்டியிட்டு, கையை நீட்டி, வாய்விட்டுச் சொன்னாள்:

“கையப் பிடிங்க.”

கோமதி முகம் சிவந்து அண்ணன்களைப் பார்த்தான்.

“என்னலே, எடுத்த எடுப்புலயே கையப் பிடிக்கச் சொல்லுது?” என்றார் என் வீட்டுக்காரர்.

“எனக்குச் சம்மதம்தான். ஆனா ஜாதகம் இன்னும் வரலையே அண்ணே,” என்றான் கோமதி.

“இன்னைக்கு அஷ்டமி வேற,” என்றான் நெல்லையப்பன். “மூணு பேரும் டிரவுசரோட இருக்கோம். ஒரு கைபிடிக்கிற நேரத்துல போட்டோ எடுத்தா நல்லாவா இருக்கும்?”

ட்யூப்கள் மேடையின் நடுப்பகுதிக்கு வந்துவிட்டன. நான் கத்தினேன், அது அந்தக் கைபிடிப்பது இல்லை என்று. என் பேச்சு அவர்களுக்கு எட்டவில்லை, சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். செண்பகவல்லி எழுந்து, கூடவே மேடையில் நடந்து, மறுபடி குனிந்தாள்.

“யாராவது ஒருத்தர் கையப் பிடிங்க, போதும்.”

“யாராவது ஒருத்தரா?” என்றார் என் வீட்டுக்காரர். குரலே இறங்கிவிட்டது. கரையில் நிற்கும் என்னை ஒருமுறை பார்த்தார், உத்தமர். “இங்க பாரும்மா, எனக்குக் கல்யாணமாயிருச்சு.”

“எனக்கும்,” என்றான் நெல்லையப்பன்.

இருவரும் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்கள். கோமதியின் கை மட்டும் நெஞ்சிலிருந்து விலகிப் பாதி தூரம் வந்தது. “பெரியவங்க இருக்கையில நீயா முந்துற?” என்று என் வீட்டுக்காரரின் அதட்டல். கை திரும்பப் போயிற்று.

மேடையின் கடைசிப் பலகை. செண்பகவல்லி அதில் குப்புறப் படுத்து, கையைத் தோள்வரை தண்ணீருக்கு மேலே நீட்டி, சிரிப்பை அடக்கமுடியாமல் மூச்சுவாங்கக் கேட்டாள்:

“சரி, காலையாவது நீட்டுங்க. காலைப் பிடிச்சுக்கிறேன்.”

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இப்படி மன்றாடுகிற பெண்ணை அவர்கள் பார்த்ததில்லை. ஆறு கால்களும் மெல்லத் தண்ணீரை விட்டு எழும்பி, ட்யூபுக்குள் மடங்கி, சம்மணம் போட்டுக்கொண்டன.