குதிருக்குள் போன வாசனை

கீழப்பொய்கையில் புத்தி இருந்தவர்கள் எல்லாரும் ஒரு பஞ்சத்தில் வெளியூர் போய்விட்டார்கள் என்று பக்கத்து ஊர்க்காரர்கள் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரிந்து கொளஞ்சி, பாவாடை, சின்னக்கண்ணு மூன்று பேரும் அங்கேயேதான் இருந்தார்கள்.

மூவருக்கும் மிட்டாதார் அரங்கநாயகம் பண்ணையில் வேலை. வேலையைவிட, அங்கே மதியம் போடும் சாப்பாட்டின் மேல்தான் அவர்களுக்கு உயிர்.

ஒருநாள் காலையில் மிட்டாதார் கூப்பிட்டார். "சாயங்காலம் சம்பந்தி வர்றாரு. சுங்கான் பிடிக்கிறவரு. சந்தைக்குப் போயி நல்ல புகையிலையா ஒரு வீசை வாங்கியாங்க. பத்தவச்சுப் பாருங்க, சாம்பல் வெள்ளையா விழுந்தா நல்ல சரக்கு. வழியில காயவிடாதீங்க. வந்ததும் வாசனை வெளிய போகாம மூடி வைங்க. இதுலயும் சொதப்புனீங்க, வேலையும் கிடையாது, சோறும் கிடையாது."

சோறு என்றதும் மூவரும் ஒவ்வொரு வார்த்தையையும் நெஞ்சில் எழுதிக்கொண்டார்கள்.

சந்தையில் புகையிலைக் கடைக்காரர் ஒரு மண் சுங்கான் குழாயில் ஒரு சிட்டிகை வைத்துப் பற்றவைத்தார். சாம்பல் வெள்ளைவெளேரென்று விழுந்தது. சுங்கானோடு சேர்த்து சரக்கை வாங்கிக்கொண்டு புறப்பட்டார்கள். புளியமரத்தடிக்கு வந்ததும் பாவாடைக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"அந்தச் சிட்டிகை வெள்ளை, சரி. மிச்சம் வெள்ளைன்னு யாரு பாத்தா?"

"அதானே!" என்றான் சின்னக்கண்ணு.

"சோத்து விசயம்டா. எல்லாத்தையும் பாத்துருவோம்" என்றான் கொளஞ்சி. மூவரில் மீசை வைத்தவன் அவன்தான் என்பதால் தலைவனும் அவன்தான்.

மாறி மாறி இழுத்தார்கள். சின்னக்கண்ணு இரண்டு தடவை வாந்தி எடுத்தான், ஆனாலும் கடமையிலிருந்து தவறவில்லை. பொழுது சாயும்போது ஒரு வீசையும் சாம்பலாகியிருந்தது.

"ஒரு சிட்டிகைகூட கறுப்பு இல்ல. இப்படி ஒரு சரக்கு நம்ம ஐயாவுக்குத்தான் கிடைக்கும்" என்று கொளஞ்சி கண்கலங்கினான். பார்த்திருந்தால் எனக்கே பெருமையாக இருந்திருக்கும்.

சாம்பலைத் துண்டில் மூட்டையாகக் கட்டினார்கள். காயவிடக் கூடாது என்பதால் வழியில் வாய்க்காலைக் கண்ட இடமெல்லாம் மூட்டையை முக்கி எடுத்தார்கள். பண்ணைக்கு வந்து பிரித்தால் ஈரத்துண்டுதான் இருந்தது.

"போச்சு! சோறு போச்சு!" என்று சின்னக்கண்ணு தலையில் அடித்துக்கொண்டான்.

"இருடா. சரக்கு போகக் கூடாதுன்னு ஐயா சொல்லவே இல்லையே. வாசனை போகக் கூடாதுன்னுதான சொன்னாரு?" என்றான் பாவாடை. "வாசனை எங்க இருக்குன்னு தேடுங்க."

துண்டை முகர்ந்தார்கள், இல்லை. வாசலை முகர்ந்தார்கள், இல்லை. சின்னக்கண்ணு தற்செயலாகக் கொளஞ்சியின் மீசைப் பக்கம் வந்தவன் துள்ளிக் குதித்தான்.

"அண்ணே, இங்க இருக்கு! உன் மேல இருக்கு! என் மேலயும் இருக்கு!"

அப்புறம் என்ன யோசனை? களத்தில் ஒரு காலிக் குதிர் நின்றது. மூவரும் அதற்குள் இறங்கினார்கள். நெல் விழும் கீழ் ஓட்டையைப் பாவாடை தன் துண்டால் அடைத்தான். கொளஞ்சி மூடியை இழுத்து மூடினான்.

கொஞ்ச நேரத்தில் மிட்டாதார் சம்பந்தியோடு வந்தார். குதிருக்குள் தும்மல் சத்தம் கேட்டு மூடியைத் திறந்தார். மூன்று தலைகள் தெரிந்தன.

"ஐயா, மூடுங்க, மூடுங்க! எல்லாம் பத்திரமா இருக்கு!" என்று கத்தினான் கொளஞ்சி.

"புகையிலை எங்கடா?"

"சாம்பல் வாய்க்கால்ல போயிருச்சுங்க. வாசனை இம்மியும் குறையல. சம்பந்தி ஐயா வேணும்னா மோந்து பாக்கட்டும்."

சம்பந்தி சிரிப்பு தாங்காமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு களத்திலேயே உட்கார்ந்துவிட்டார். மிட்டாதாருக்கு முகம் சிவந்தது.

"உங்களுக்கு வேலையும் இல்ல, ஒண்ணும் இல்ல. வெளிய போங்கடா!"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அது எப்படிங்க?" என்றான் கொளஞ்சி பணிவாக. "நாங்க வெளிய போனா வாசனையும்ல வெளிய போயிரும்? உங்க வார்த்தையை மீற மாட்டோம்ங்க."

மூடி உள்ளிருந்து மூடிக்கொண்டது. பிறகு கீழ் ஓட்டையில் இருந்த துண்டு மெல்ல நகர்ந்தது. பாவாடையின் குரல் மட்டும் வெளியே வந்தது.

"நாளைக்கு மத்தியானம் சோத்தை இந்த வழியாத் தள்ளிவிடச் சொல்லுங்க ஐயா. தள்ளுனதும் ஓட்டையை அடைச்சிருங்க."