சுவரில் வரைந்த கதவு

முன்னொரு காலத்தில், மலைகள் இன்னும் உயரமாக இருந்த காலத்தில், கல்மலை நாடு என்றொரு நாடு இருந்தது. அந்த நாட்டில் நடந்த அநியாயங்கள் மூன்று. வரிசையாகச் சொல்கிறேன். வரிசை மாறினால் அநியாயம் செய்தவன் தப்பித்துவிடுவான்.

முதலாவது: அரசன் பொன்முடியான் மூலிகை மலையைச் சுற்றி வேலி போட்டான். பச்சிலையும் அரண்மனைச் சொத்து என்றான்.

இரண்டாவது: ஊர் நடுவே ஒரு வைத்தியசாலை எழுப்பினான். கல் சுமந்தவர்கள் ஊர்ச்சனங்கள். கல்வெட்டில் பெயர் அவனுக்கு. கிழக்கே ஒரு கதவு, பிரபுக்களுக்கு. மேற்கே ஒரு கதவு, மற்றவர்களுக்கு. மேற்குக் கதவு எப்படிப்பட்டது தெரியுமா? சுவரில் வரைந்த கதவு! தாழ்ப்பாள் சாயம், கீல் சாயம், வெண்கலக் குமிழும் சாயம். மந்திரவாதி கரும்பூதன் மாய மையால் தீட்டியது. பார்க்கிற கண்ணுக்கு இதோ திறக்கப்போகிறது, இதோ திறக்கப்போகிறது என்றே தோன்றும். நோயாளிகள் அதன்முன் வரிசையில் உட்கார்ந்தார்கள். வருடக்கணக்கில் உட்கார்ந்தார்கள்.

மூன்றாவது: "இது கதவா, படமா?" என்று கேட்ட ஒரே மருத்துவச்சியை, அந்தக் கதவின் முன்னாலேயே, முந்நூறு பேர் பார்க்க நாடு கடத்தினான். ஏட்டில் அவள் பெயரை அடித்தான். கரும்பூதன் சாபம் போட்டான்: "இவள் பெயரும் முகமும் எல்லார் நினைவிலிருந்தும் போகட்டும், இவள் நினைவிலிருந்தும் போகட்டும்! பெயரைப் பறித்த இதே இடத்தில், முந்நூறு சாட்சிகள் முன் வாசித்தால் மாயம் முறியும். சாட்சி ஒன்று குறைந்தாலும், வாசித்த நாக்கு கல்லாகும்!" சொல்லிவிட்டுச் சிரித்தான். அரசனுக்கு எதிராகச் சாட்சி சொல்ல முந்நூறு பேர் எங்கே கிடைக்கப்போகிறார்கள் என்ற சிரிப்பு அது.

பதினோரு வருடம் போனது.

அந்த ஊரில் வெள்ளைத்தாயி என்றொரு கல்தச்சி இருந்தாள். அரசாணைகளைக் கல்லில் கொத்துவது அவள் வேலை. பள்ளிக்கூடம் போகாமலே, கொத்திக் கொத்தியே எழுத்துப் படித்தவள். அவள் புருஷன் சடையன் கல் உடைப்பவன். கல்தூசி அவன் நெஞ்சில் போய்க் குடியேறிவிட்டது. மூன்று சொல் பேசினால் முப்பது இருமல். வரைந்த கதவின் முன் எட்டு மாதம் உட்கார்ந்தும் ஒருவரும் அவன் பெயரைக் கூப்பிடவில்லை.

"மச்சான், ஏழு மலைக்கு அங்கிட்டு நூறாண்டு நாடுன்னு ஒண்ணு இருக்காம். அங்க நூறு வயசுக்கு முந்தி ஒருத்தரும் சாகமாட்டாங்களாம். கெளம்பு!" என்றாள் வெள்ளைத்தாயி.

"ஏழு மலையா? எனக்கு ஏழு படியே ஏற முடியல புள்ள."

அப்போது ஏரிக்கரையிலிருந்து ஒரு குரல். "ஏறுறதுக்கு நான் இருக்கேன்ல!" பார்த்தால் ஒரு கூழைக்கடா! வருடந்தோறும் தேசம் விட்டுத் தேசம் போகும் பறவை. கட்டில் அகல அலகு, கூடாரம் போலத் தொங்கும் பை. "பதினோரு வருசத்துக்கு முந்தி ஒருத்திய இங்கிருந்து சுமந்துட்டுப் போனேன். யாருன்னு நெனப்பில்ல. கனம் மட்டும் அலகுல இருக்கு. ம், ஏறுங்க! பிடி, குனி, மூச்சை அடக்கு!"

"அடக்குறதுக்கு மூச்சு வேணுமே," என்றான் சடையன்.

பறந்தார்கள்! முதல் மலை, இரண்டாம் மலை, மூன்றாம் மலை! மேகம் முகத்தில் அறைந்தது. மீன் வாடை மூக்கைத் துளைத்தது. வெள்ளைத்தாயிக்குச் சிரிப்பு தாங்கவில்லை; சடையன் பிழைக்கப்போகிறான் என்ற சிரிப்பு. ஏழாம் மலை தாண்டியதும் நூறாண்டு நாடு பளபளவென்று விரிந்தது.

வாசலில் இருந்த வெள்ளிப்பூட்டு பேசியது. "வருக! நூறு வயது தருகிறோம். மூன்றாம் நாள் பொழுது சாய்வதற்குள் உங்கள் பெயரைத் தந்துவிட வேண்டும். பெயரோடு ஊர் நினைவும் உறவு நினைவும் போகும். வலிக்காது."

"முதல்ல வைத்தியரைப் பாப்போம்," என்று வெள்ளைத்தாயி உள்ளே நுழைந்தாள்.

அடேயப்பா! அங்கே ஆயிரம் கதவு, அத்தனையும் திறந்த கதவு. நெல்நாட்டு வைத்தியர், மணல்நாட்டு வைத்தியர், தீவுநாட்டு வைத்தியர். நூறு நாடுகள் விரட்டியவர்களைச் சேர்த்துத்தான் நூறாண்டு நாடு பேர் வாங்கியிருந்தது. யாருக்கும் பெயர் இல்லை. ஊர் திரும்ப வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை. அதுதான் அந்த நாட்டு மாயம்.

நெஞ்சு நோய்க்கு ஒரு நரைத்தலை மருத்துவச்சி. சடையன் இருமினான். அவள் கை அப்படியே நின்றது.

"இன்னொரு தரம் இருமுய்யா."

இருமினான்.

"கல்தூசி. கருங்கல். மேற்குச் சரிவுக் கல்லு. இந்த இருமல் எனக்குத் தெரியும். எங்க கேட்டேன்னுதான் தெரியல," என்றாள். அவள் விரல் தானாக ஊர்ந்து சடையன் புயத்திலிருந்த தாயத்தைத் தொட்டது. "இந்த முடிச்சு... இது என் கை முடிச்சு!"

வெள்ளைத்தாயி தாயத்தை எட்டிப் பிடித்தாள். கல்மலை நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளையை ஏந்தி எடுத்தவளின் பெயரை ஓலை நறுக்கில் எழுதித் தாயத்தில் அடைத்து, அவள் கையாலேயே கட்டச் சொல்வார்கள். பிரித்துப் பார்ப்பது பாவம். அரசன் ஏடுகளைத்தான் அடித்தான். சனங்களின் புயத்தில் இருப்பது அரசாங்கத்தின் கண்ணுக்கு என்றைக்குத் தெரிந்திருக்கிறது?

"பாவம் என்னோட போகட்டும்," என்று பிரித்தாள். ஓலையில் பெயர் இருந்தது! மருத்துவச்சி எட்டிப் பார்த்தாள். சாபத்தால் அவள் கண்ணுக்கு வெற்றோலை. வெள்ளைத்தாயி பெயரை வாய்விட்டு வாசிக்கவில்லை. சாட்சி இல்லாமல் சொன்னால் நாக்கு கல். ஊரையும் வேலி போட்ட மூலிகை மலையையும் பற்றி மட்டும் சொன்னாள்.

"தாயி, மூணு வருசம் இங்க இருந்தா இவரக் காப்பாத்திருவேன். கூட்டிட்டுப் போனா மூணு வாரம் தாங்குறதே பெருசு. எங்க ஊர்லன்னு சொல்றியே அந்த மூலிகை மலை, அது திறந்தா மூணே நாள். எது வேணும்?" என்றாள் மருத்துவச்சி.

வெள்ளைத்தாயி சடையனைப் பார்த்தாள். வந்து இரண்டு நாள் ஆகிவிட்டது; நாளை பொழுது சாய்வதற்குள் பெயரைத் தந்தாக வேண்டும்.

"நூறு வருசம் இருந்து, உன்னப் பாத்து 'யாரும்மா நீ'ன்னு கேக்கவா?" என்றான் சடையன். "நான் எட்டு மாசம் உக்காந்த வரிசையில இன்னும் எத்தன பேரு உக்காந்திருக்கான்! கெளம்பு புள்ள."

"நீங்களும் வாங்கம்மா. உங்க பேரு எங்க ஊர்ல கெடக்கு," என்றாள் வெள்ளைத்தாயி.

மருத்துவச்சி பச்சிலைப் பெட்டியைத் தூக்கினாள். அலகைத் திறந்த கூழைக்கடா திடுக்கிட்டது. "அட, அதே கனம்! பிடி, குனி, மூச்சை அடக்கு!"

வரும்போது இருவர், போகும்போது மூவர். ஏழு மலை தாண்டி, உச்சிவெயிலில், வரைந்த கதவின் முன் இறங்கினார்கள். வரிசை அப்படியே இருந்தது.

"இந்தக் கதவு மாயம்! இதத் திறக்குற பேரு என் கையில இருக்கு! முந்நூறு சாட்சி வேணும்!" என்று வெள்ளைத்தாயி ஓலையை உயர்த்தினாள்.

கரும்பூதன் புகையாய் வந்து நின்றான். "யாரடா சாட்சி? எழுந்திரு பார்க்கலாம்!"

ஒருவரும் எழவில்லை. ஒரு மூச்சு, இரண்டு மூச்சு, மூன்று மூச்சு. வாசிக்கும் முன்னரே வெள்ளைத்தாயியின் நாக்கு நுனி கனக்கத் தொடங்கியது.

வரிசையில் முதலாவதாக இருந்த முடவாண்டி என்ற குயவன் கைத்தடியை ஊன்றினான். "நான் சாட்சி. பதினோரு வருசமா இந்தச் சுவத்தப் பாத்து உக்காந்திருக்கேன். இதுக்கு மேல கல்லாக எங்கிட்ட என்னடா இருக்கு?"

அவ்வளவுதான்! "நான் சாட்சி!" என்றாள் உப்புக்காரி. "நான் சாட்சி!" என்றான் வண்ணான். "நான் சாட்சி! நான் சாட்சி!" தெரு முழுக்க எழுந்தது. கரும்பூதன் விரல்விட்டு எண்ணினான். இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது.

"ஒன்று குறைகிறது!" என்று துள்ளினான்.

"நானில்ல?" என்றது கூழைக்கடா. "அவள ஏத்திவிட்டதப் பாத்ததும் நான், சுமந்ததும் நான். உன் மந்திரச் சட்டத்துல சாட்சிக்குச் சிறகு இருக்கக்கூடாதுன்னு எழுதியிருக்கா?"

எழுதியிருக்கவில்லை!

வெள்ளைத்தாயி வாசித்தாள், மலை எதிரொலிக்க: "கருங்கல் தெரு நல்லக்காள் மகள், மருத்துவச்சி ஆராயி!"

"ஆமா! நான் ஆராயி!" என்று கத்தினாள் நரைத்தலைக்காரி. ஊர் அவளை அடையாளம் கண்டு ஓவென்று அழுதது, சிரித்தது. மூலிகை மலையின் வேலி கொடியாய்த் துளிர்த்து வழிவிட்டது. சுவரில் சாயம் உதிர்ந்தது, கீல் முனகியது, வெண்கலக் குமிழ் சுழன்றது. மேற்குக் கதவு திறந்தது!

கரும்பூதன் கிழக்குக் கதவை நோக்கி ஓடினான். மூக்கு உடைந்தது. இப்போது கிழக்குக் கதவுதான் படம். அவன் மந்திரமெல்லாம் அந்த மூக்கு ரத்தத்தோடு வடிந்துபோனது. பல்வலிக்கு வந்த பொன்முடியான் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மேற்கே வந்தான்.

"கடைசியில போய் உக்காருய்யா," என்றான் முடவாண்டி. "பயப்படாத, இது திறக்குற கதவு."

அரசன் உட்கார்ந்தான்.

ஆராயி பச்சிலை அரைத்து வைத்தாள். புது ஏட்டைக் கையில் எடுத்தாள். வாசற்படியில் நின்று, முந்நூறு சாட்சிகளும் கேட்க, முதல் பெயரை உரக்க வாசித்தாள்:

"சடையன்!"