இரண்டு கோயில் அண்டா துலக்கிய யோவன்னாள்

சாம்பலும் புளியும் கொண்டு அசன அண்டாக்களைத் துலக்குவதையே ஆண்டவருக்குச் செய்யும் ஊழியமாகக் கொண்டிருந்தார் யோவன்னாள் அம்மையார். செம்மணல் தேரிக்காட்டை ஒட்டிய அவ்வூரில் ஆண்டவர் ஒருவர்தான்; கோயில் மட்டும் இரண்டு. சபையார் எல்லோரும் கூடி உண்ணும் அசனத்தில் முதல் பந்தி எந்தக் குடும்பத்துக்கு என்று தொடங்கிய வாய்ச்சண்டை, கைகலப்பாகி, கடைசியில் ஒரு புதுக்கோயிலாகவே எழும்பி நின்றது. அன்றுமுதல் ஒரே நாளில் இரண்டு அசனம்; இரண்டின் அண்டாக்களையும் துலக்கியவர் அம்மையார்தான். அம்மையாரின் மூத்த மகன் தாசையா பழைய கோயிலில் நின்றுகொண்டார். இளையவர் ஜெபமணி புதுக்கோயிலுக்குப் போனார். பதினெட்டு ஆண்டுகள் அண்ணனும் தம்பியும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அண்டாவுக்குள் இறங்கித் தேய்க்கும்போதெல்லாம் அம்மையார் இரு சபையாரின் பெயர்களையும் கலந்து சொல்லி ஜெபிப்பார். முடிவில், “எம் பிள்ளைய ரெண்டும் ஒரு பந்தியில உக்காரணும் ஆண்டவரே” என்பார்.

“ஏளா, மோட்சத்துல ஒனக்கு எந்தப் பக்கம் எடம்?” என்று பெண்கள் கேலி பேசுவார்கள்.

“எங்கன அண்டா கெடக்கோ, அங்கன இருந்துக்கிடுதேன்” என்பார் அம்மையார்.

அந்தப் பதினெட்டாம் ஆண்டில் ஜெபமணி பனையிலிருந்து விழுந்து இறந்தார். எதிர்ச்சபை அடக்கத்துக்கு யாரும் போகக்கூடாது என்று பழைய கோயில் கமிட்டி கட்டுப்பாடு போட்டது. தாசையாவும் அந்தக் கமிட்டியில் ஒருவர். குழியில் மண் விழும்வரை அம்மையார் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார். மூத்தவர் வரவில்லை.

அதோடு அவருடைய ஜெபம் வற்றிப்போயிற்று. இனி யாரை யாரோடு உட்காரவைக்கக் கேட்பது? வேலையை மட்டும் விடவில்லை. கேட்டவர்களிடம், “வாயில ஒண்ணும் வரல. ஆண்டவரு மடியில கெடக்கேன், அவ்வளவுதான்” என்றார்.

பதினோரு மாதம் கழிந்து அசன நாள் வந்தது. காலையில் அண்டா எடுக்க வந்த தாசையா, தாய் பேசாமல் தேய்ப்பதைக் கண்டு திகைத்தார்.

“யம்மா, எங்க பேரெல்லாம் சொல்லலியா?”

“வரமாட்டக்குய்யா.”

அன்று பழைய கோயிலில் பரிமாறிக்கொண்டிருந்த தாசையா, சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டு நடந்தார். புதுக்கோயில் பந்தியின் கடைசியில் போய் உட்கார்ந்தார். பரிமாறியவர்கள் கை தயங்கியது. ஜெபமணியின் மனைவிதான் அகப்பையை வாங்கி அவருக்குச் சோறு வைத்தார். தாசையா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். செய்தி கேட்டு, கையில் சாம்பலோடு ஓடிவந்தார் அம்மையார்.

“பிந்திட்டேனேம்மா” என்று மகன் கதறினார்.

“பிந்தித்தான் வந்திருக்க மக்கா. சாப்பிடு.”

வேறு ஒருவரும் கடந்து வரவில்லை. கோயில்கள் இன்றும் இரண்டுதான். இறந்த மகனும் திரும்பவில்லை. அந்த ஆறாத துக்கத்தோடு அம்மையார் மீண்டும் அண்டாவுக்குள் இறங்கியபோது, அவர் உள்ளத்தில் ஆண்டவர் பேசினார்:

“மகளே, நீ வாயடைத்துக் கிடந்த நாளெல்லாம் அந்தப் பெயர்களை நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.”

சொல் இழந்தும் அன்பை விட்டு அகலாத யோவன்னாள் அம்மையாரின் கரிபடிந்த கைகள் வாழ்க.